டாக்டர் வெளியே போன நான்கு நிமிடம்

காலை ஒன்பது மணி பத்து நிமிடம். திரைச்சீலையை விலக்கியதும் முதலில் கண்ணில் பட்டது கட்டிலுக்கு அடியில் இருந்த ஒரு சோடி பூட்ஸ். பழுப்பு நிறம், இரும்பு முனை. ஓரங்களில் வெங்காயச் சருகு ஒட்டியிருந்தது. இடது பூட்ஸின் கயிறு முடிச்சோடு அப்படியே இருந்தது. வலதின் கயிறு கத்தரிக்கோலால் வெட்டப்பட்டிருந்தது. ஆம்புலன்ஸில் வெட்டியிருப்பார்கள். ஆளை அதற்குப் பிறகுதான் பார்த்தேன்.

நாற்பத்தாறு வயது, துருக்கிக்காரர். புக்கெகோஹியில் காய்கறி பொதி செய்யும் கொட்டகை ஒன்றில் வேலை. விடிகாலை வேலையில் நெஞ்சு இறுக்கியிருக்கிறது. தெற்கு ஆக்லாந்தில் ஓர் ஆஸ்பத்திரியின் அவசரப் பிரிவுக்குக் கொண்டுவந்து, புறங்கையில் ஊசிக்குழாய் செருகி, இரத்தம் எடுத்துவிட்டு, மொழிபெயர்ப்பாளருக்குச் சொல்லி அனுப்பினார்கள். அவருக்கு இஸ்மாயில் என்று பெயர் வைத்துக்கொள்வோம். உண்மைப் பெயரைச் சொல்லக் கூடாது என்பது உங்களுக்குத் தெரியும். தெரியாவிட்டால், இந்த வேலையில் முதலில் தெரிந்துகொள்ள வேண்டியது அதுதான்.

என்னைத் தெரியாதவர்களுக்கு: கொழும்பில் ஒரு தமிழ்ப் பத்திரிகையில் ஒன்பது வருடம் செய்தியாளராக இருந்தேன். பிறகு இஸ்தான்புல்லில் ஆறு வருடம், வேறு நாட்டுக்குப் போகும் கடதாசிக்குக் காத்திருந்தபடி, ஒரு தையல் பட்டறையில் பொத்தான் தைத்தேன். பிறகு ஆக்லாந்து. ஈஸ்ட் டாமாக்கியில் கிடங்கு வேலை. கடைசிப் பதினான்கு வருடம் ஆங்கிலத்திலிருந்து தமிழுக்கும் துருக்கிக்கும் மொழிபெயர்ப்பாளர். இப்போது ஓய்வு. புதிதாகச் சேர்ந்திருக்கும் உங்களுக்கு ஏதாவது எழுதித் தரும்படி அலுவலகத்தில் கேட்டார்கள். நன்றாகச் செய்த நாட்களைப் பற்றி எழுத நிறைய இருக்கிறது. அவற்றால் உங்களுக்குப் பெரிய பயன் இல்லை. அதனால் இதை எழுதுகிறேன்.

டாக்டர் ஒன்பது இருபதுக்கு வந்தார். முப்பது வயதுக்குள் இருக்கும் ஒரு பெண். சட்டைப் பையில் மூன்று பேனா, மூன்றுக்கும் மூடி இல்லை. முதல் இரத்தப் பரிசோதனை தீர்மானமாக எதுவும் சொல்லவில்லை என்றார். இதயத் தசை அடிபட்டால் இரத்தத்தில் கூடுகிற ஒரு பொருள் இருக்கிறது. அது எல்லைக்கோட்டில் நிற்கிறது. பதினொரு மணிக்கு மறுபடி எடுத்துப் பார்த்தால் தெரிந்துவிடும். கடைசியாகச் சொன்னார்: “அதுவரைக்கும் இங்கேயே இருந்தீர்கள் என்றால் எனக்குச் சந்தோஷமாக இருக்கும்.”

இந்த நாட்டு டாக்டர்கள் இப்படித்தான் பேசுவார்கள். ‘இரு’ என்று சொல்ல அவர்களுக்குக் கூச்சம். அந்த வாக்கியத்தை எந்த எடையில் கொண்டுபோய் வைப்பது என்பதுதான் எங்கள் வேலை.

தமிழில் நாங்கள் எல்லாவற்றையும் ‘வேண்டும்’ என்ற ஒரே சொல்லில் ஏற்றிவிடுகிறோம். மருந்து குடிக்க வேண்டும், வரி கட்ட வேண்டும், ஒருநாள் எங்கள் வீட்டுக்கு நீங்கள் சாப்பிட வர வேண்டும். எது கட்டாயம், எது அன்பு என்று குரலிலிருந்து கேட்பவர் புரிந்துகொள்கிறார். துருக்கியில் அந்த வேறுபாட்டை வினைச்சொல்லிலேயே காட்ட முடியும். ‘கல்’ என்றால் இரு, தங்கு. ‘கல்சனிஸ் இயி ஒலுர்’ என்றால் நீங்கள் இருந்தால் நல்லது. எங்கள் ‘ஆல்’ போலவே ஒரு நிபந்தனை விகுதி, பிறகு ‘நல்லது’. புத்தி சொல்வதற்கு அதுதான் வழி. பட்டறையில் தேநீர் கொண்டுவருகிறவர் என்னிடம் எப்போதும் அப்படித்தான் பேசுவார்: அந்தச் சன்னலை மூடினால் நல்லது, முதலாளி வருகிற நேரம் கொஞ்சம் வேகமாகத் தைத்தால் நல்லது. ‘கல்மலிசினிஸ்’ என்றால் நீங்கள் இருக்க வேண்டும் என்பது என் எண்ணம். சொல்பவர் தன் தோளில் அதைச் சுமக்கிறார். ‘கல்மனிஸ் லாஸிம்’ என்றால் நீங்கள் இருப்பது அவசியம். கேட்பது நானில்லை, நிலைமை. மேற்பார்வையாளரின் வாயில் எந்நேரமும் அதுதான்: பொத்தான் ஐந்நூறு முடிவது அவசியம், தனக்கும் அதற்கும் சம்பந்தமே இல்லாத மாதிரி. ‘கல்மக் ஸொருந்தாசினிஸ்’ என்றால் இருந்தே ஆக வேண்டும், வேறு வழி இல்லை. அதை நான் கற்றது வெளிநாட்டவர் பதிவு அலுவலகத்தின் கண்ணாடிக்குப் பின்னாலிருந்த அதிகாரியிடம்.

டாக்டரின் ‘சந்தோஷமாக இருக்கும்’ இவற்றில் எது? எனக்குத் தெரியவில்லை. தெரியாதபோது கேட்க வேண்டும். கேட்டேன்.

“டாக்டர், இது யோசனையா, அவசியமா, கட்டாயமா?”

அவர் என்னை ஒரு கணம் பார்த்தார். “அவசியம். ஆனால் கட்டாயப்படுத்த எனக்கு அதிகாரம் இல்லை.”

அதை அப்படியே துருக்கியில் சொன்னேன். நீங்கள் இருப்பது அவசியம். இருந்தே ஆக வேண்டும் என்று உங்களை யாரும் கட்டாயப்படுத்த முடியாது. இஸ்மாயில் தலையசைத்தார். இலக்கணத்தில் அன்று நான் பிழை விடவில்லை. பிழை அதற்குப் பிறகு வந்தது.

எங்கள் அலுவலகத்தில் வேலைகளைப் பிரித்துக் கொடுக்கும் ஒருங்கிணைப்பாளர் ஒரு மலேசியத் தமிழ்ப் பெண். என்னைவிடப் பதினைந்து வயது இளையவர். நான் சேர்ந்த முதல் நாளே ஒரு விதி சொன்னார்.

“அங்கிள், டாக்டர் எழுந்தா நீங்களும் எழுந்துடணும். டாக்டர் வெளிய போனா நீங்களும் வெளிய. நாற்காலி இல்லன்னா நின்னுக்கோங்க.”

“ஏன் பிள்ளை, மனிசனோட ரெண்டு வார்த்தை கதைச்சால் என்ன?”

“தனியா இருந்தா பேசுவாங்க. பேசினா கேப்பாங்க. கேட்டா நீங்க சொல்லிடுவீங்க லா. உங்க வாய் சும்மா இருக்கிற வாய் இல்ல.”

சேர்ந்து பத்து நிமிடத்தில் அவர் என்னைக் கண்டுபிடித்துவிட்டார். ஆனாலும் பல வருடம் நான் அந்த விதியை மீறவில்லை.

அன்று ஒன்பது இருபத்தாறுக்கு டாக்டர் அடுத்த கட்டிலுக்குப் போனார். நான் எழுந்தேன். இஸ்மாயில் என் சட்டைக் கையைப் பிடித்தார்.

“ஆபி,” என்றார். ஆபி என்றால் அண்ணன். துருக்கியில் வயதில் மூத்த எவரும் ஆபிதான், டாக்சிக்காரர் உட்பட. ஆனாலும் சட்டைக் கையைப் பிடித்துக்கொண்டு சொன்னால் அது வேறு மாதிரிக் கேட்கிறது.

“ஆபி, பத்து இருபதுக்கு என் மனைவி வருகிறாள். மகளும். மூன்று வருடமாக விசாவுக்கு அலைந்து, இன்றைக்கு வருகிறார்கள். அவளுக்கு ஆங்கிலம் ஒரு சொல் தெரியாது. அவள் தொலைபேசி இங்கே வேலை செய்யாது. வெளியே வந்து என்னைக் காணவில்லை என்றால் அவள் என்ன செய்வாள்?”

“இதை டாக்டரிடம் சொல்லலாம். நான் கூப்பிடுகிறேன்,” என்றேன்.

“டாக்டர் என்ன சொல்வார் என்று எனக்குத் தெரியும். அவர் டாக்டர். நீ சொல். நீ என்றால் என்ன செய்வாய்?”

அந்த இடத்தில் நான் வெளியே போயிருக்க வேண்டும். போகாததற்குக் காரணம் இருக்கிறது. என் மனைவி யாழ்ப்பாணத்திலிருந்து இங்கே வந்த நாளில் நான் நாற்பது நிமிடம் பிந்திப் போனேன். கிடங்கில் மாற்றாள் வரவில்லை. விமான நிலையத்துக்கு ஓடிப் போய்ப் பார்த்தால், அவள் வாசலுக்குப் பக்கத்தில் பெட்டியின் மேல் உட்கார்ந்து அழுதுகொண்டிருந்தாள். சேலைத் தலைப்பால் காதுவரை மூடியிருந்தாள். அதை நாங்கள் அதற்குப் பிறகு பேசியதே இல்லை. ஆனால் அந்த வாசலைக் கடக்கும் ஒவ்வொரு முறையும் எனக்கு அந்தப் பெட்டி தெரியும்.

ஆஸ்பத்திரியிலிருந்து விமான நிலையம் இருபது நிமிடம். பரிசோதனை பதினொரு மணிக்கு. கணக்குச் சரியாகத்தான் வந்தது.

“கிடிப் கெல்சென் ஒலுர்,” என்றேன். போய்விட்டு வரலாம்.

கவனியுங்கள், ‘போ’ என்று சொல்லவில்லை. இருக்கிறதிலேயே மென்மையான வடிவத்தைத் தேடி எடுத்தேன். போனாலும் பரவாயில்லை என்கிற அளவுக்குத்தான் அதற்கு எடை. அப்படிச் சொன்னால் பொறுப்பு என்னிடம் இருக்காது என்று உள்ளுக்குள் நினைத்திருப்பேன். அவருக்கு வடிவம் தேவைப்படவில்லை. தன் மொழியில், தன்னைவிட மூத்த ஒருவர் வாயிலிருந்து ஒரு பதில் தேவைப்பட்டது. கிடைத்துவிட்டது. என் கையை விட்டார்.

டாக்டரிடம் கேட்டுவிட்டுத்தான் போவார் என்று நான் நினைத்தேன். ஒன்பது முப்பதுக்குத் தேநீர் வாங்கப் போனேன். வரிசை நீளம். திரும்பி வர ஒன்பது ஐம்பத்தைந்து. கட்டிலுக்கு அடியில் பூட்ஸ் இல்லை.

தலையணையில் ஒட்டுவில்லைகள் நான்கு கிடந்தன, நெஞ்சிலிருந்து பிய்த்தவை. இதயத் துடிப்பைக் காட்டும் இயந்திரம் விடாமல் கீச்சிட்டுக்கொண்டிருந்தது. தாதி ஒருவர் வந்து அதை நிறுத்தினார். பின்னாலேயே டாக்டர் வந்தார்.

“எங்கே அவர்?”

தாதி கழிப்பறையைப் பார்க்கப் போனார். டாக்டர் என் பக்கம் திரும்பினார். “உங்களிடம் ஏதாவது சொன்னாரா?”

பத்திரிகையில் எனக்குச் சொல்லித் தந்தது இதுதான்: செய்திக்குள் நீ இருக்காதே. ‘நான் மொழிபெயர்ப்பாளர் மட்டும்தான்’ என்ற வாக்கியம் ஆங்கிலத்தில் தயாராக நாக்கில் நின்றது. இலக்கணச் சுத்தமான வாக்கியம். அதைச் சொல்லியிருந்தால் அவர் நம்பியிருப்பார். இஸ்மாயிலைக் கழிப்பறையிலும் வாகனத் தரிப்பிடத்திலும் தேடி இருபது நிமிடம் போயிருக்கும்.

“அவர் மனைவியும் மகளும் பத்து இருபதுக்கு வந்திறங்குகிறார்கள். என்ன செய்வது என்று என்னிடம் கேட்டார். போய்விட்டு வரலாம் என்று நான் சொன்னேன். விமான நிலையத்தில்தான் இருப்பார்.”

டாக்டர் மூடியில்லாத பேனா ஒன்றை எடுத்து, திரும்பப் பையில் வைத்தார். “சரி,” என்றார். “அவர் எண் கோப்பில் இருக்கும். வாருங்கள்.”

முதல் முறை எடுக்கவில்லை. இரண்டாம் முறை, பத்து பன்னிரண்டுக்கு, எடுத்தார். ஒலிபெருக்கியில் போட்டோம். பின்னால் சக்கர வண்டிகளின் சத்தம்.

டாக்டர் சொல்லச் சொல்ல நான் சொன்னேன். உடனே திரும்பி வருவது அவசியம். அங்கேயே ஆம்புலன்ஸ் அனுப்புகிறோம்.

“ஆம்புலன்ஸ் வேண்டாம். மூன்று வருடம் கழித்து மகள் என்னை ஸ்ட்ரெச்சரிலா பார்ப்பது? அவர்கள் வெளியே வரட்டும். வந்த உடனே வருகிறேன்.” பிறகு குரலைத் தாழ்த்தினார். “ஆபி, நீ என்ன சொல்கிறாய்?”

கேட்டதையெல்லாம் மொழிபெயர்ப்பது எங்கள் வேலை. “நான் என்ன சொல்கிறேன் என்று கேட்கிறார்,” என்று டாக்டரிடம் சொன்னேன்.

“நான் சொல்வதைத்தான் நீங்கள் சொல்கிறீர்கள் என்று சொல்லுங்கள்,” என்றார் டாக்டர்.

சொன்னேன். அதோடு, டாக்டரின் அனுமதியோடு, என் பங்குக்கும் ஒன்று சொன்னேன். “இஸ்மாயில், நான் உங்களுக்குச் சொன்னது பிழை. சொல்ல வேண்டிய ஆள் நானில்லை. அதை டாக்டரிடமும் சொல்லிவிட்டேன்.”

“நீ நல்லதுக்குத்தானே சொன்னாய்,” என்றார் அவர். அதையும் மொழிபெயர்த்தேன். டாக்டர் கூரையைப் பார்த்தார்.

அடுத்து அவர் சொன்னதை நான் மறக்கவில்லை. “அவர் வந்தே ஆக வேண்டும் என்றில்லை. என்னால் இழுத்து வர முடியாது. ஆனால் எனக்குப் பயமாக இருக்கிறது என்று சொல்லுங்கள்.” அந்த ஒரு முறைதான் இந்த நாட்டில் ஒரு டாக்டர் அப்படிச் சொல்லி நான் மொழிபெயர்த்தேன். மறுமுனையில் இஸ்மாயில், “நாற்காலியில் உட்கார்ந்துவிட்டேன் என்று சொல்,” என்றார்.

அதுதான் உடன்பாடு. உட்கார்ந்தே இருப்பார். பெட்டி தூக்க மாட்டார். நெஞ்சு வலித்தால் அந்தக் கணமே ஆம்புலன்ஸ், மறுபேச்சு இல்லை. தொலைபேசியை வைக்க மாட்டார்.

டாக்டருக்கு வேறு பத்துக் கட்டில் இருந்தது. தொலைபேசியை என் கையில் கொடுத்தார். “பேசிக்கொண்டே இருங்கள். அவர் பேச்சு நின்றால் கையைத் தூக்குங்கள், நான் ஆம்புலன்ஸை அனுப்புகிறேன். ஒன்று மட்டும்…”

“புத்தி சொல்ல மாட்டேன்,” என்றேன்.

ஆக, தனியாக இருக்கக் கூடாது என்ற விதியை மீறியதற்கு எனக்குக் கிடைத்தது அவரோடு இன்னும் தனியாக இருக்கும் வேலை. தாதியின் மேசைக்குப் பக்கத்தில் நின்றேன். புத்தி சொல்லாமல் ஒரு மனிதரை எப்படிப் பேசவைப்பது? எனக்குத் தெரிந்த வேறு தொழில் ஒன்றுதான்.

“என்ன தெரிகிறது?” என்று கேட்டேன்.

“வாசல் தெரிகிறது. இரண்டு கதவு.”

“கதவு என்ன நிறம்?”

“கண்ணாடி. அதற்கு என்ன நிறம்?”

“யார் வருகிறார்கள்?”

“கோல்ஃப் பை தூக்கிக்கொண்டு ஒருவர். பையை விட அவர் சின்னவர். இங்கே ஒரு சமோவாக் குடும்பம் நிற்கிறது, மாலையோடு. பதினான்கு பேர்.”

“எண்ணினீர்களா, உத்தேசமா?”

“எண்ணினேன்.”

“மாலை உண்மையான பூவா, காகிதமா?”

“ஆபி, நீ என்ன, போலீஸா?”

“முன்னே பத்திரிகைக்காரன்.”

“அதைவிட மோசம்,” என்றார். சிரித்தார். சிரித்தபோது மூச்சு வாங்கவில்லை என்பதைக் குறித்துக்கொண்டேன்.

விமானம் பத்து முப்பத்தொன்றுக்கு இறங்கியதாகப் பலகையில் போட்டார்கள். பத்து நாற்பதுக்குக் கோல்ஃப் பைக்காரரை யாரும் கூட்டிப்போக வரவில்லை, இன்னும் நிற்கிறார். பத்து நாற்பத்தெட்டுக்குச் சமோவாக் குடும்பத்தின் அம்மா சக்கர நாற்காலியில் வந்தார், பதினான்கு பேரும் பாடினார்கள்; அந்தப் பாட்டைத் தொலைபேசியில் நானும் கேட்டேன். பத்து ஐம்பத்தைந்துக்கு அவர் கேட்டார்: “மகளிடம் முதலில் என்ன சொல்வது, ஆபி? அவளுக்கு என்னை ஞாபகம் இருக்குமா?”

பதில் என்னிடம் இருந்தது. மூன்று பதில் இருந்தன. “அவளுக்கு இப்போது என்ன வயது?” என்று மட்டும் கேட்டேன்.

“ஒன்பது. பல் விழுந்து முளைத்துவிட்டதாம். முன்பல். நான் அதைப் பார்க்கவே இல்லை.”

பதினொரு மணி எட்டு நிமிடத்தில் பேச்சு நின்றது.

“இஸ்மாயில்?” என்றேன். சக்கரச் சத்தம் மட்டும் கேட்டது. “இஸ்மாயில்?” தொலைபேசி எதன்மேலோ விழுந்தது. நான் கையைத் தூக்கினேன். தாதி ஓடினார். டாக்டர் கையுறையோடு வந்தார்.

பிறகு ஒரு பெண்ணின் குரல், தொலைபேசிக்கு மிக அருகில்.

“ஹலோ, யார் நீங்கள்? இவர் ஏன் அழுகிறார்? கையில் ஏன் ஊசி?”

டாக்டருக்கு என் முகத்திலிருந்தே புரிந்திருக்கும். பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்தார். அந்தப் பிரிவில் அவர் உட்கார்ந்து நான் பார்த்தது அப்போதுதான்.

இஸ்மாயிலின் மனைவியிடம் டாக்டர் நான்கு வாக்கியத்தில் எல்லாவற்றையும் சொன்னார். நான் நான்கு வாக்கியத்தில் சொன்னேன். அவர் குறுக்கே பேசாமல் கேட்டார். இருபத்தைந்து மணி நேரம் பறந்து வந்த பெண். கடைசியில் ஒரே ஒரு கேள்வி கேட்டார்.

“இது டாக்டர் சொல்வதா, நீங்கள் சொல்வதா?”

“டாக்டர் சொல்வது.”

“சரி.” பிறகு தொலைபேசியை விலக்கிக்கொண்டு, “கல்க், இஸ்மாயில்,” என்றார்.

கல்க் என்றால் எழும்பு. விகுதி இல்லை, நிபந்தனை இல்லை, வெறும் வேர்ச்சொல். நான் மேலே எழுதிய நான்கு வடிவத்தையும் அவர் தொடவில்லை.

பதினொன்று நாற்பத்தொன்றுக்கு வந்து சேர்ந்தார்கள். நாற்பத்து நான்குக்கு இரத்தம் எடுத்தார்கள். மகள் அப்பாவின் பூட்ஸிலிருந்து வெங்காயச் சருகை ஒவ்வொன்றாக உரித்துக்கொண்டிருந்தாள். அவள் அம்மா என்னை மேலும் கீழும் பார்த்தார். டாக்சியில் எல்லாக் கதையும் சொல்லப்பட்டிருக்கிறது.

“புத்தி சொன்ன அண்ணன் நீங்கள்தானா?”

“நான்தான்.”

“நீங்கள் டாக்டரா?”

“இல்லை.”

“பிறகு?”

விமான நிலையத்தில் நீங்கள் தனியாக நிற்பீர்களே என்று இழுத்தேன்.

“அங்கே நாற்காலி இருக்கிறது. தண்ணீர் இருக்கிறது. பிள்ளையோடு நான் சாயங்காலம் வரைக்கும் உட்கார்ந்திருப்பேன். மூன்று வருடம் உட்கார்ந்தவள், மூன்று மணி நேரம் உட்கார மாட்டேனா? புருஷனை இழந்துவிட்டு உட்கார எனக்கு ஒரு நாற்காலியும் வேண்டாம்.” மகளின் முதுகுப்பையைக் கழற்றி என்னிடம் நீட்டினார். “இதைப் பிடியுங்கள். இதையாவது ஒழுங்காகச் செய்யுங்கள்.”

பிடித்தேன். டாக்டர், அவர் என்ன சொல்கிறார் என்று என்னிடம் கேட்டார். முழுவதையும் மொழிபெயர்த்தேன். முதுகுப்பையையும் சேர்த்து.

பன்னிரண்டு ஐம்பதுக்கு முடிவு வந்தது. கூடியிருந்தது. காலையில் எல்லைக்கோட்டில் நின்றது இப்போது கோட்டைத் தாண்டிவிட்டது. இதயத்துக்குப் போகும் குழாய் ஒன்றில் அடைப்பு, சீக்கிரம் திறக்க வேண்டும் என்றார் டாக்டர். இந்த முறை ‘சந்தோஷமாக இருக்கும்’ என்றெல்லாம் சொல்லவில்லை. நானும் கேட்க வேண்டியிருக்கவில்லை. ஒன்று இருபதுக்கு அவரைக் கட்டிலோடு தள்ளிக்கொண்டு போனார்கள். மின்தூக்கியின் கதவு மூடுவதற்குள் இஸ்மாயில் எனக்குக் கையை உயர்த்திக் காட்டினார். மனைவி அந்தக் கையைப் பிடித்துக் கீழே வைத்தார்.

நான் டாக்டரிடம் கேட்டேன்: “அங்கேயே இருந்து பிந்தியிருந்தால்?”

“தெரியாது,” என்றார். “இங்கே இருக்கிறார்.”

இஸ்மாயில் நான்காம் நாள் நடந்து வீட்டுக்குப் போனார் என்று பிறகு கேள்விப்பட்டேன்.

வாகனத் தரிப்பிடத்திலிருந்து ஒருங்கிணைப்பாளரைக் கூப்பிட்டேன். எல்லாவற்றையும் சொன்னேன். வேலை போய்விடும் என்றுதான் நினைத்தேன்.

“அங்கிள், உங்கள நான் என்ன செய்யட்டும்?” என்றார். “நல்லா திட்டணும். முழுசா ஒரு மணி நேரம் திட்டணும்.”

“திட்டு பிள்ளை.”

“டாக்டர் இப்பதான் போன் பண்ணாங்க. நீங்களே உடனே சொல்லிட்டீங்களாம், அதனாலதான் ஆள் கிடைச்சாருன்னு சொன்னாங்க. அதனால பாதித் திட்டு. மீதிக்கு ஒரு படிவம் அனுப்புறேன். பொய் எழுதாதீங்க.”

“ஓம்.”

“இன்னொண்ணு. டாக்டர் வெளிய போனா?”

“நானும் வெளியே.”

“நாற்காலி இல்லன்னா?”

“நிண்டுகொள்ளுறன் பிள்ளை.”

வீட்டுக்கு வந்து மனைவியிடம், ஆள் யார், எந்த ஊர் என்பது இல்லாமல், நடந்ததைச் சொன்னேன். ஏன் அப்படிச் சொன்னேன் என்று அவள் கேட்டாள். அந்தப் பெட்டியைப் பற்றிச் சொன்னேன். பதினெட்டு வருடத்தில் முதல் தடவை.

அவள் சட்டியை அடுப்பிலிருந்து இறக்கிவிட்டுத் திரும்பினாள்.

“நீங்கள் பிந்தினதுக்கோ நான் அழுதனான்? ஆர் சொன்னது?”

“நான் கண்டனான். பெட்டிக்கு மேல இருந்து அழுதுகொண்டிருந்தாய்.”

“ஐயோ, பிளேன் இறங்கேக்க காது ரெண்டும் அடைச்சுப் போச்சு. உயிர் போற குத்து. அதுக்கெல்லோ அழுதனான். நீங்கள் பிந்தினதே எனக்குத் தெரியாது. உங்களை அந்த நேரம் வரச் சொன்னதெண்டுதான் நினைச்சுக்கொண்டிருந்தனான்.” காதைத் தொட்டுக் காட்டினாள். “பேப்பர்க்காரன் எண்டு பேர். ஒரு வார்த்தை கேட்டிருக்கலாமே?”

அவள் சிரிக்கத் தொடங்கினாள். கொஞ்ச நேரத்தில் நானும். சேலைத் தலைப்பால் காதை மூடியிருந்ததை நான் அன்றே பார்த்திருக்கிறேன். காரணத்தை மட்டும் நானே எழுதிக்கொண்டேன். பதினெட்டு வருடம் சரிபார்க்காமல் வைத்திருந்த செய்தி. அதை நம்பித்தான் இஸ்மாயிலுக்குப் புத்தி சொல்லியிருக்கிறேன். அன்று இரவு நன்றாகத் தூங்கினேன்.

உங்களிடமும் கேட்பார்கள். அக்கா என்று கூப்பிட்டுக் கேட்பார்கள், தம்பி என்று கூப்பிட்டுக் கேட்பார்கள், சட்டையைப் பிடித்துக்கொண்டு கேட்பார்கள். நீங்கள் நல்லவர்களாக இருப்பதால்தான் கேட்பார்கள். டாக்டர் எழுந்தால் எழுந்துவிடுங்கள். எழ முடியாமல் போய், வாய் தவறி ஏதாவது சொல்லிவிட்டால், அதை அடுத்த நிமிடமே டாக்டரிடம் சொல்லிவிடுங்கள்.

படிவம் மறுநாள் வந்தது. இரண்டு பக்கம். டாக்டர் இல்லாமல் நோயாளியோடு இருந்த நேரம் என்ற கட்டத்தில் நான்கு நிமிடம் என்று எழுதினேன். நோயாளியிடம் சொன்ன வாக்கியத்தைச் சொன்ன மொழியிலேயே எழுதும்படி இரண்டாம் பக்கத்தில் கேட்டிருந்தார்கள். மூன்று சொல். துருக்கியில் எழுதி, அதன் கீழே ஆங்கிலத்திலும் எழுதினேன். மொழிபெயர்த்தவர் என்ற இடத்தில் என் பெயரைப் போட்டேன்.